பூட்டி வைத்த செருப்புகள்

வாலாஜாபேட்டை
3 ஆகஸ்ட் 2024

ரேணுகாவுக்கு,

பேசாமல் இருந்தது போதும். நிஷாவின் கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று வைத்திருந்த பிடிவாதத்தை இன்று நானே விடுகிறேன். சமாதானத்துக்கு வருகிறேன் என்று எண்ணிவிடாதே. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போதே அவன் பெயர் இல்லாமல் பத்திரிகை அடித்த வீடு உன் வீடு. உன் வீட்டுக்காரர் பெருமாளின் பெரியப்பா மகன்கள், அவர்களுடைய மாமனார்கள், ஏதோ ஒரு வார்டு கவுன்சிலர் என்று எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. அந்தப் பத்திரிகை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்திருக்கிறேன்.

ஆனால் இது வேறு விஷயம்.

உமைமாவை உனக்குத் தெரியும். உங்கள் பின் தெருவில் சாயங்காலங்களில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். நான் நலன் அலுவலராக இருந்த அதே ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். போன ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் பிடித்து என்னைத் தேடி டுடோரியலுக்கே வந்தாள். பையன்களுக்கு ஆங்கில இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவன் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

உன் வீட்டுக்காரர் ஜார்க்கண்டிலிருந்து பெண்களைக் கூட்டி வந்து அந்தப் பிரிவுக்கு அனுப்புகிறார். அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர்களில் ஒருத்தியின் பெயர் புத்னி. ஆதார் அட்டையில் பத்தொன்பது வயது. உமைமாவின் கணக்கில் பதினைந்துகூட நிறைந்திருக்காது. உமைமா வீட்டில் உருது பேசுகிறவள், அந்தப் பெண்ணின் இந்தி அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவ என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா சார். இது எந்த ஊருன்னு கேட்டா. ஒரு வருஷமா இங்க உக்காந்து தைக்கிறா, ஊர் பேர் தெரியல."

கூட்டி வரும்போது தையல் பயிற்சி, சான்றிதழ், ஊருக்கு மாதம் பணம் என்று சொன்னார்களாம். இங்கே இறங்கியதும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டலை வெளியே பூட்டுகிறார்கள். எதிர்த்துப் பேசுகிற பெண்ணை 'வீட்டு வேலை' என்று காரில் ஏற்றி எங்கேயோ அனுப்புகிறார்கள். சில நாள் கழித்து அவள் திரும்பி வரும்போது மிஷின் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறாளாம். என்ன நடந்தது என்று உமைமா கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பூலோ என்று ஒருத்தி அப்படிப் போனவள் திரும்பியே வரவில்லை.

ஊருக்குள் அத்தனை கட்டடம் காலியாகக் கிடக்க, பெருமாள் ஏன் மலையடிவாரத்தில் யாரும் இல்லாத இடத்தில் ஹாஸ்டல் எடுத்தார் என்று நான் அப்போதே கேட்டேன். "வாடகை கம்மி மச்சான்" என்றார். இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. ஆம்பூர்த் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்று அழுதாலும் அந்தப் பெண்கள் பேச்சைப் புரிந்துகொள்ள ஒரு உருதுக்காரப் பெண் இருப்பாள். அந்த மலையடிவாரத்தில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அந்த ஹாஸ்டலைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட இரண்டாவது மாதம் எனக்கு வேலை போனது.

நேராகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். வெளியே போகும் முன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றே வளர்த்துவிட்டார்கள். சொல்லிவிட்டேன். உன் போனை அவர் பார்ப்பார் என்பதால்தான் கடிதம். புத்னி எங்கே, எப்படி இருக்கிறாள் என்று நீ அவரிடம் கேட்க வேண்டும்.

காசிநாதன், எம்.ஏ., எம்.ஃபில்.

*

ஆம்பூர்
12 ஆகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தது நான் இல்லை. தபால்காரர் அவர் கையில் கொடுத்துவிட்டார். வெளியே நின்றபடியே முழுவதும் படித்துவிட்டு உள்ளே வந்து என் மடியில் போட்டார். "உங்க அண்ணன் நல்லா எழுதுறாரு, பேப்பருக்கு அனுப்பச் சொல்லு" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

பத்திரிகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றோம். நீங்கள் உள்ளேயே இருந்துகொண்டு அண்ணியை விட்டு 'அவர் இல்லை' என்று சொல்லவைத்தீர்கள். உங்கள் செருப்பு வாசலிலேயே இருந்தது அண்ணா. அதை இழுப்பறையில் எடுத்து வைக்கவில்லையா?

வேலை போன வருத்தம் எனக்குப் புரிகிறது. அதற்காக ஒரு மனிதர் மேல் இப்படியா எழுதுவது? நிஷாவின் மாமியார் வீட்டுக்கு இது எட்டினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

நீங்கள் எழுதியது பொய் என்று எனக்குக் காட்டுவதற்காகவே நேற்று என்னை ஹாஸ்டலுக்குக் கூட்டிப்போனார். கோலம் போட்டு வைத்திருந்தார்கள். டிவி இருக்கிறது, ஃபில்டர் தண்ணீர் இருக்கிறது. பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். செருப்புகளைக்கூட வாசலில் கண்டபடி போடாமல், ஆபீஸ் அறையில் இரும்பு அலமாரியில் ஜோடி ஜோடியாக வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அவ்வளவு ஒழுங்கு. நம் வீட்டில் அப்பா செருப்பு ஒரு பக்கமும் உங்கள் செருப்பு ஒரு பக்கமுமாகக் கிடக்குமே, அதுதான் ஞாபகம் வந்தது.

புத்னி என்று யாரும் இல்லையாம். ஒருத்தி இருந்தாளாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய்விட்டாளாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. முட்டிவலியோடு நான் கீழே உட்கார்ந்து எழுவதைப் பார்க்கச் சகிக்காமல் போன வாரம் வீட்டு வேலைக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்து விட்டிருக்கிறார். லட்சுமி என்று பெயர். வாயே திறப்பதில்லை. சொன்ன வேலையைச் செய்கிறாள், ஸ்டோர் ரூமில் படுத்துக்கொள்கிறாள். இப்படிப்பட்டவரையா நீங்கள் அப்படி எழுதுகிறீர்கள்?

இனிமேல் எழுதாதீர்கள்.

ரேணுகா

*

வாலாஜாபேட்டை
26 ஆகஸ்ட் 2024

ரேணுகா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உமைமா தைத்துக் கொண்டுவந்த ரவிக்கைக்குள் மடித்து வைத்திருப்பாள். படித்ததும் அடுப்பில் போடு. பதில் எழுதினால் அவளிடமே கொடு. அளவு பார்க்க வருவதுபோல வருவாள்.

நீ எழுதாதே என்றாய். உனக்கு எழுதாமல் நேராக மனு கொடுத்துவிட்டேன். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில், என் முழுப் பெயர், படிப்பு, பழைய பதவி எல்லாம் போட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, நேரில் போய்க் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். அங்கே இருந்த ஒரு பெண் அதிகாரி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு அலுவலகத்தில் என்னை மனிதனாக நடத்தினார்கள் என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் இரண்டு பேர் ஹாஸ்டலுக்குப் போனார்கள். என்ன நடந்தது என்று உமைமாவுக்கு அங்கே சமைக்கிற அம்மா சொல்லியிருக்கிறார். உன் வீட்டுக்காரர் அவர்களுக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மனுவில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தாராம். "சார், இவரு வேற யாரும் இல்ல, என் மச்சான்தான். பொண்ணு கல்யாணப் பத்திரிகையில பேர் போடலன்னு பேஜார் பண்றாரு. குடும்பத் தகராறு சார். நீங்க வேணும்னா அந்தப் பத்திரிகையையே பாருங்க" என்று போனில் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்களும் சிரித்துவிட்டார்கள். பெண்களிடம் தமிழில் ஏதோ கேட்டார்கள், அவர்கள் வணக்கம் சொன்னார்கள். டீ ஆறும் முன்னே விசாரணை முடிந்தது.

அன்று அந்தச் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எம்.ஃபில். படித்தவனைப் பத்திரிகைக்காக அழுகிற ஆளாக ஆக்கிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். புத்னியின் ஞாபகம் எனக்கு மறுநாள்தான் வந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இப்போது கேள். உன் வீட்டுக்காரர் என் முதல் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை புத்னி மிஷினுக்கு வரவில்லை. அவள் ஊருக்குப் போகவில்லை, போக அவளிடம் ஒன்றுமே கிடையாது. நான்தான் அவள் பெயரை எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

உன் வீட்டில் இருக்கிற அந்தப் பெண்ணின் இடது கட்டைவிரலைப் பார். தோல் தைக்கிற ஊசி ஒருமுறை புத்னியின் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. நகம் பாதி கறுத்து, நடுவில் பிளந்திருக்கும் என்கிறாள் உமைமா. பார்த்துவிட்டு எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்று. நாம் எல்லாரும் செருப்பை வாசலில் விடுகிறோம். ஏன் என்று யோசித்துப் பார். வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளத்தானே. ஹாஸ்டலைச் சுற்றிக் கருவேல முள்ளும் சரளைக்கல்லும். வெறுங்காலோடு அங்கே எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஊரான் காலுக்கெல்லாம் செருப்பு தைக்கிற பெண்களின் செருப்பைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை ரேணுகா.

காசிநாதன்

*

ஆம்பூர்
2 செப்டம்பர் 2024

அண்ணா,

நகம் கறுத்துத்தான் இருக்கிறது. நடுவில் பிளந்திருக்கிறது.

அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இவள் வந்த இரண்டாம் நாள் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கும்போது பார்த்தேன். கையைச் சுத்தமாகக் கழுவு என்று அதட்டினேன். அழுக்கு என்று நினைத்தேன் அண்ணா.

உமைமா அளவு எடுக்க வந்தபோது அவர் குடோனுக்குப் போயிருந்தார். அவள் சமையலறைக்குள் வந்து நின்று மெதுவாக இந்தியில் ஏதோ சொன்னாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உமைமாவின் பர்தாவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. விடாமல் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள். இத்தனை நாள் என் வீட்டில் வாயே திறக்காத பெண். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. உமைமா பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னாடி சொல்றா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இரு அக்கா. எல்லாத்தையும் என்னால திருப்பிச் சொல்ல முடியாது."

சொன்னவரைக்கும் எழுதுகிறேன். காரில் அனுப்பியது வீட்டு வேலைக்கு இல்லை. ஒரு விருந்தினர் மாளிகைக்கு. அங்கே வருகிற ஆண்களுக்காக. பூலோவும் இவளும் ஒரே ஊர். திரும்பி வந்த பிறகு பூலோ சாப்பிடவில்லை, அப்புறம் ஒருநாள் அவள் படுக்கும் பாய் மட்டும் இருந்தது. அடுத்தது நீதான் என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதற்குள் உங்கள் கடிதம் வந்ததால் இங்கே கொண்டுவந்து மறைத்திருக்கிறார். என் சமையலறையில். என் முட்டிவலியின் பெயரைச் சொல்லி.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. சாப்பாடு போடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல, இந்தப் பெண் இங்கேயே இருக்கட்டுமா என்றேன். நிமிர்ந்து பார்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த வாரம் கம்பெனியைப் பார்க்க வருகிறார்களாம், அது முடிந்ததும் இவளை ஓசூரில் ஒரு வீட்டுக்கு அனுப்பப்போகிறாராம். "உனக்கு வேற ஆளு பாத்துத் தர்றேன். இன்னா, உங்க அண்ணன் கேக்கச் சொன்னாரா?" என்றார். இல்லை என்றேன். அதன் பிறகு ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றியதை அவர் பார்த்தார்.

இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். என் மேல் கை வைத்ததில்லை. நிஷாவுக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அந்த மனிதரையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டும் அவர்தான் என்றுதான் தெரிகிறது.

முந்தாநாளிலிருந்து வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார். திருட்டு பயம் ஜாஸ்தி என்கிறார். பின்கதவுக்கும் புதுப் பூட்டு. உமைமா வந்தால் ஜன்னல் வழியாகத்தான் பேசுகிறேன். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் கொடுக்கப்போகிறேன். போனைச் சர்வீசுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்.

நேற்றுக் காலை ஒன்று நடந்தது. கோலம் போட வாசலுக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் செருப்பைக் காணோம். எங்கே என்று கேட்டேன். அறுந்துபோயிருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார். அறுந்துபோகவில்லை அண்ணா. ஆடி மாதம்தான் வாங்கினேன்.

ஏதாவது செய்யுங்கள். ஆனால் என் பெயர் வரக்கூடாது. உங்கள் பெயரும் வேண்டாம். உங்கள் பெயரைப் பார்த்தாலே நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதிகாரிகள் வந்துவிட்டு உடனே போய்விடுவார்கள். அதன் பிறகு இந்த வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் அவரும் மட்டும்தான்.

ரேணு

*

வாலாஜாபேட்டை
4 செப்டம்பர் 2024

ரேணு,

சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறைக்கு முன் மனு போய்ச் சேர வேண்டும். அதனால் டுடோரியலுக்கு இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

முதலில் எழுதியதில் அடியில் என் பெயர், படிப்பு, பதவி எல்லாம் இருந்தது. கை தானாகவே எழுதிவிட்டது. அதை வாசித்துப் பார்த்தபோது உன் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே அந்தக் கையெழுத்தைக் காட்டிச் சிரிப்பது தெரிந்தது. கிழித்துப்போட்டேன். இரண்டாவதில் பெயரில்லை, ஆனால் கம்பெனி என்னை எப்படி வெளியே அனுப்பியது, உன் வீட்டுக்காரரை அந்தக் கம்பெனிக்குள் கொண்டுபோய் விட்டதே நான்தான் என்று ஒரு பக்கம் வந்துவிட்டது. படிக்கிற யாருக்கும் எழுதியவன் யார் என்று தெரிந்துவிடும். அதையும் கிழித்தேன்.

நான் நலன் அலுவலராக இருந்தவன். மொட்டை மனுவுக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ மொட்டைக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டிருக்கிறேன். 'அவன் கெட்டவன், நடவடிக்கை எடுங்கள்' என்று இருந்தால் கூடைதான். போனவுடன் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற மாதிரி ஒன்று அதில் இருந்தால் மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன். அதனால் இதில் என் அபிப்பிராயம் எதையும் எழுதவில்லை. இப்படித்தான் எழுதியிருக்கிறேன்:

ஹாஸ்டலுக்குப் போனால் நாற்காலியில் உட்கார வேண்டாம். முதலில் ஆபீஸ் அறையில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள். பெண்களின் செருப்பு எல்லாம் அங்கே பூட்டியிருக்கும். ஏன் என்று கேளுங்கள். தமிழில் விசாரிக்க வேண்டாம், இந்தியோ சந்தாலியோ பேசுகிற ஒரு பெண்ணைக் கூட்டிச் செல்லுங்கள். ஒப்பந்தக்காரரை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பூலோ எங்கே என்று கேளுங்கள். அதே நேரத்தில் இன்னொரு குழு அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். கதவு வெளியே பூட்டியிருக்கும். உள்ளே ஒரு சிறுமியும் ஒரு பெண்மணியும் இருப்பார்கள். சிறுமியின் இடது கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். அவளுடைய பெயர் லட்சுமி இல்லை. இரண்டு பேரையும் அன்றே அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்.

இதைக் குடும்பத் தகராறு என்று சொல்லிச் சிரிக்க அவரால் முடியாது. பூட்டிய அலமாரியில் என் பெயர் எழுதியிருக்காது.

மூன்று பிரதி எடுத்தேன். கையால் எழுதவில்லை, என் கையெழுத்தை அந்த அலுவலகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆற்காட்டில் ஒரு டைப்பிங் கடைக்குப் போய் நானே அடித்துக்கொண்டேன். ஒன்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு. எனக்குத் தண்ணீர் கொடுத்த அந்த அதிகாரியின் பெயருக்கே. ஒன்று சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு. ஒன்று எஸ்.பி.க்கு. ஒவ்வொரு பிரதியிலும், மற்ற இருவருக்கும் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறேன். ஒருவர் கூடையில் போட்டாலும் மற்றவர்கள் கேட்பார்கள் என்ற பயம் இருக்கட்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நெமிலிக்குப் போய் அங்கே தபாலில் சேர்க்கிறேன். வாலாஜா முத்திரை விழக் கூடாது. ஸ்பீடு போஸ்டில் அனுப்புநர் பெயர் கேட்பார்கள், அதனால் சாதாரணத் தபால்தான். நேரத்துக்குப் போய்ச் சேருமா என்றுதான் தெரியவில்லை. போன முறை ஒரு பெயரை எழுதி ஒரு பெண்ணைச் சிக்க வைத்தேன். இந்த முறை எதையாவது எழுத மறந்திருக்கிறேனா என்று திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

உமைமா ஜன்னல் வழியாக இதோடு ஒரு பையும் கொடுப்பாள். அதில் இரண்டு ஜோடி செருப்பு இருக்கிறது. உன் அளவு எனக்குத் தெரியும், அவளுடையதை உமைமா சொன்னாள். அரிசி டிரம்முக்குள் மறைத்து வை. யாராவது கதவைத் திறக்கிற அன்று முதலில் அதை மாட்டிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் உமைமா வீட்டுக்குப் போகலாம். அங்கே வேண்டாம் என்றால் இங்கே வா. நான் உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதுவரை அவரிடம் ஒன்றும் கேட்காதே. அவர் இல்லாத நேரத்தில் மட்டும் அவளைப் புத்னி என்று கூப்பிடு. அவள் யார் என்று உனக்குத் தெரியும் என்பதாவது அவளுக்குத் தெரியட்டும்.

அந்தப் பத்திரிகையை இன்று இழுப்பறையிலிருந்து எடுத்தேன். தூக்கிப்போடத்தான் எடுத்தேன், மனம் வரவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. நீங்கள் என் பெயரை விட்டது விட்டதுதான். ஆனால் அந்தப் பெண்கள் வெளியே வந்தால், அவர்களை வெளியே கொண்டுவந்தது காசிநாதன் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அவர் முகம் மாறும்போது அதைப் பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன். அந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

மூன்று உறையையும் ஒட்டியாகிவிட்டது. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது மூடிவிட்டேன். பெயர் போடாமலே நாளை தபாலில் சேர்க்கிறேன்.